எலியின் கோடும் என் கோடும்

இறால் உரிக்கிறவளுக்கு ரத்தம் பெரிய விஷயம் இல்லை. இறாலின் தலையில் ஒரு முள் உண்டு. ஐஸில் கிடந்து மரத்துப்போன விரலில் அது ஏறினால் அப்போது தெரியாது. கூடையில் இருக்கிற வெள்ளை இறால் சிவக்கும்போதுதான் தெரியும். மேஸ்திரி கத்துவான். விரலை ஐஸ் தண்ணீரில் முக்கி எடுத்துவிட்டு அடுத்ததை உரிப்போம். அதனால் மாதா மாதம் போகிற ரத்தம் எனக்கு நிற்காமல் போக ஆரம்பித்தபோது நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லுவதற்கு ஆளும் இல்லை.

என் பெயர் ரெஜினா. ராயபுரத்தில் அண்ணன் அந்தோணி வீட்டுக்குப் பின்னால் ஓர் அறையில் இருந்தேன். என் புருஷன் விசாகப்பட்டினம் போகிற கப்பலில் வேலைக்குப் போனான். கடலில் சாகவில்லை. அங்கேயே இன்னொருத்தியோடு குடும்பம் நடத்த ஆரம்பித்துவிட்டான். பிள்ளை இல்லை. கோயில் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்ததால் எழுதத் தெரியும். நன்றாக எழுதத் தெரியாது. ஆஸ்பத்திரியில் என் பக்கத்துப் படுக்கைகளில் கிடந்த பெண்களுக்கு அவர்கள் உடம்பில் என்ன நடக்கிறது என்று ஒருத்தரும் சொல்லவில்லை. எனக்கு ஒருத்தி சொன்னாள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது. அப்போது இறாலுக்கு வெளிநாட்டில் நல்ல கிராக்கி. காசிமேட்டுப் பக்கம் ஷெட்டு ஷெட்டாகப் போட்டு எங்களை உட்கார வைத்திருந்தார்கள். ஒருநாள் காலையில் கூடையைத் தூக்க எழுந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டேன். புடவை முழுக்க நனைந்திருந்தது. என் பக்கத்தில் உரிக்கிற அஞ்சலைதான் ரிக்‌ஷாவில் அள்ளிப் போட்டுப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். அஞ்சலை திருவொற்றியூர் குப்பத்துக்காரி. வழி முழுக்க என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள்.

“வாயத் தொறந்து சொன்னா இன்னாடி? முத்தா உதிரும்? இப்ப நானு ஒர் நாள் கூலி வுட்டுட்டு ஒன் பின்னால வந்துகினு கீறேன்.”

பெண்கள் வார்டில் படுக்கை கிடைக்கவில்லை. முதலில் தரையில்தான் பாய். பிறகு யாரோ செத்ததும் கட்டில் கிடைத்தது. பெரிய டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். கர்ப்பப்பையில் சதைக்கட்டி என்றார். புற்று இல்லை, வெறும் கட்டி. ஆனால் அது இருக்கிற வரைக்கும் ரத்தம் போகும். அறுத்து எடுத்தால் பிழைப்பேன், எடுக்காவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாகச் சாவேன். இவ்வளவும் அவர் என்னிடம் சொல்லவில்லை. சுற்றி நின்ற மாணவர்களிடம் சொன்னார். நான் கேட்டுக்கொண்டேன்.

அறுப்பதற்கு முன்னால் ஒரு சோதனை. காது மடலில் ஊசியால் குத்துவார்கள். வருகிற ரத்தத்தை மை ஒற்றும் தாளில் ஒற்றி எடுப்பார்கள். அரை நிமிடத்துக்கு ஒரு தரம் ஒற்ற வேண்டும். ரத்தப் பொட்டு சின்னதாகிக்கொண்டே வந்து நின்றுவிட வேண்டும். எனக்குச் சின்னதாகவில்லை. நர்ஸ் தாளின் ஒரு பக்கம் முழுக்கப் பொட்டு வைத்தாள், திருப்பி மறுபக்கமும் வைத்தாள், பிறகு பஞ்சை வைத்து அமுக்கிக்கொண்டு ஓடினாள்.

“இவ மேல கத்தி வைக்க முடியாது. மேஜையிலேயே போயிடுவா” என்றார் பெரிய டாக்டர்.

அதோடு என் பேச்சு முடிந்தது. அடுத்த கட்டிலுக்குப் போனார்கள்.

டாக்டரம்மா வந்தது அதற்கு இரண்டு நாள் கழித்து. வார்டு டாக்டர் இல்லை. கல்லூரிக் கட்டடத்தில் பின்பக்கம் ஓர் அறையில் ஆராய்ச்சி செய்கிறவள். ஒல்லி, கண்ணாடி, எப்போதும் தலைவலி வந்தவள் மாதிரி நெற்றியைச் சுருக்கிக்கொண்டிருப்பாள். என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அங்கே டாக்டர்கள் உட்கார மாட்டார்கள்.

“சின்ன வயசுல இருந்தே இப்படித்தானா? பல்லு விழும்போது ரத்தம் நிக்காம போகுமா?”

“இல்லம்மா.”

“ஏதாவது மருந்து சாப்பிடுறியா? நாட்டு மருந்து, இங்கிலீஷ் மருந்து, எதுவானாலும் சொல்லு.”

“மருந்து வாங்கித் துன்னற அளவுக்கு எனக்கு யாரும்மா கீறாங்க? ஒண்ணும் இல்ல.”

அவள் எனக்குச் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். ரத்தத்தில் சிவப்பு அணு, வெள்ளை அணு தவிர, தட்டணு என்று ரொம்பச் சின்னதாக ஒன்று இருக்கிறது. எங்கேயாவது கிழிந்தால் முதலில் ஓடிப்போய் அடைப்பது அதுதான். ஒரு தட்டணு போய் ஒட்டும். ஒட்டியதும் மற்றதைக் கூப்பிடும். அது வந்து இன்னொன்றைக் கூப்பிடும். இப்படி ஒன்றை ஒன்று கூப்பிட்டுக் கூடி அடைக்கும். கூப்பிடுவது வாயால் இல்லை, உள்ளே இருந்து சில சரக்குகளை வெளியே விட்டுக் கூப்பிடும். அந்தக் கூப்பாட்டைக் கேட்டுக்கொள்ளவும், ஒன்றோடு ஒன்று கைகோத்துக்கொள்ளவும் மேலே சில புரதங்கள் இருக்கின்றன. புரதம் என்றால் பருப்பில் முட்டையில் இருக்கிற சத்து என்று நினைத்திருந்தேன். உடம்பின் கருவிகளே புரதம்தான் என்றாள்.

அவளுடைய ஆராய்ச்சி மனிதனின் தட்டணுவையும் எலியின் தட்டணுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. எந்தப் புரதம் யாருக்கு அதிகம், யாருக்குக் குறைவு, யாருடைய கூப்பாடு எப்படிப் போகிறது என்று. எலியில் பார்த்ததை மனிதனுக்குச் சொல்லலாமா கூடாதா என்று தெரிந்துகொள்ள வேண்டுமாம். என் ரத்தம் அவளுக்குக் கிடைத்த புதையல். அவள் அதை மறைக்கவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. என்னிடம் ஏதாவது இருக்கிறது என்று நினைத்த ஒரே ஆள்.

சக்கர நாற்காலியில் அந்த அறைக்குக் கூட்டிப்போவார்கள். ஓரமாகக் கம்பிக்கூண்டுகளில் வெள்ளை எலிகள். இறால் ஷெட்டில் இருபது வருஷம் உட்கார்ந்த எனக்கே அந்த நாற்றம் கஷ்டமாக இருந்தது. ஓர் எலியில் கிடைக்கிற ரத்தம் ஒரு பாட்டில் மூடி அளவுகூட இருக்காது. ஒரு சோதனைக்குப் பல எலி வேண்டும். எலி அதோடு சரி. நான் பார்க்கிற மாதிரி அவள் அதைச் செய்ததில்லை.

என் ரத்தத்தைச் சுற்றவிட்டு மேலே தெளிகிற மஞ்சள் தண்ணீரை எடுப்பாள். கஞ்சித் தண்ணீர் மாதிரி கலங்கலாக இருக்கும். கலங்கலுக்குக் காரணம் தட்டணுக்கள். அதைச் சின்னக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி ஒரு பெட்டிக்குள் வைப்பாள். பெட்டியில் ஒரு விளக்கு. ஒரு சொட்டு மருந்து விடுவாள். இங்கே அடிபட்டிருக்கிறது என்று தட்டணுவிடம் பொய் சொல்கிற மருந்து அது. தட்டணுக்கள் ஏமாந்து கூடிக் கட்டியாகும். கலங்கல் தெளியும். வெளிச்சம் ஊடுருவும். அப்போது பெட்டியிலிருந்து ஒரு பேனா தாளில் கோடு போட்டுக்கொண்டே மேலே ஏறும்.

முதலில் தன் ரத்தத்தை வைத்துக் காட்டினாள். கோடு ஏறி மேலேயே நின்றது. எலியின் ரத்தத்தை வைத்தாள். அதுவும் ஏறி நின்றது. என்னுடையதை வைத்தாள். கொஞ்சம் ஏறியது. பிறகு சறுக்கி, கிளம்பிய இடத்துக்கே வந்து படுத்துவிட்டது.

“எலியை வுட மட்டமா போயிட்டேனா நானு?” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. “கூப்பிட ஆரம்பிக்குது. ஆனா சத்தம் அடுத்ததுக்குப் போகல” என்றாள்.

புரதத்தையும் பிரித்துப் பார்த்தாள். கூழ் மாதிரி ஒரு பலகையில் ஓடவிட்டு நீலச் சாயம் ஏற்றினால் வரிவரியாகத் தெரியும். அவள் வரியும் என் வரியும் ஒரே மாதிரி. எலியின் வரியில்தான் ஒன்றிரண்டு மேலே கீழே இருந்தது. ஆக, எனக்கு எந்தப் புரதமும் குறையவில்லை. கரைவலை இழுக்க எல்லா ஆளும் வந்து கயிற்றைப் பிடித்திருக்கிறார்கள், குரல் கொடுக்கிறவன் வாய்தான் கட்டிக்கிடக்கிறது. எனக்கு அப்படித்தான் புரிந்தது.

“பிறவியிலேயே வர்ற கோளாறா இருக்கலாம். உங்க வீட்டு ஆளுங்க ரத்தமும் பாக்கணும்.”

அந்தோணி வந்தான். விஷயத்தைக் கேட்டதும், “எனக்கு துறைமுகத்துல ஷிப்டு கீது” என்று போய்விட்டான். வந்தது அவன் மகள் ப்ளோரா. அவளும் எங்கள் ஷெட்டில்தான் உரித்தாள். கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. காலடிப்பேட்டை மாப்பிள்ளை, ரயில்வேயில் வேலை. அப்பனுக்குத் தெரியாமல் வந்து கையை நீட்டினாள்.

“அத்தே, எனுக்கு ஊசின்னா பயம். நீ என் கண்ண மூடு” என்றாள். மூடினேன்.

அவள் கோடும் ஏறிச் சறுக்கியது.

பெரிய டாக்டர் அடுத்த நாள் வார்டு நடுவில் நின்று, “பரம்பரை வியாதி. அத்தைக்கும் இருக்கு, மருமகளுக்கும் இருக்கு” என்று மாணவர்களுக்குப் பாடம் எடுத்தார். பார்வை நேரத்துக்கு வந்த ராயபுரத்துப் பெண்கள் இரண்டு பேர் அதைக் கேட்டார்கள். அது எவ்வளவு வேகத்தில் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்தோணி வந்தான். உட்காரவில்லை.

“என் பொண்ணு வாய்க்கையில மண்ண அள்ளிப் போட்டுட்டியே. ஒன்ன வூட்டுல வெச்சி சோறு போட்டதுக்கு இதானா?”

“சோறு நீ போட்டியா? என் கூலிய யாரு வாங்கிக்கினா?”

“சாவறதுன்னா தனியா சாவு. அவள ஏன் இஸ்துகினு போற?”

அதோடு அண்ணி தினமும் கொடுத்தனுப்பிய கஞ்சி நின்றது. ப்ளோரா வரவில்லை, விடவில்லை. வேலைக்கும் அனுப்பாமல் வீட்டில் வைத்துவிட்டார்கள். பார்வை நேரத்தில் வார்டு திருவிழா மாதிரி இருக்கும். ஒவ்வொரு கட்டிலிலும் தூக்குச் சட்டி திறக்கிற சத்தம், குழம்பு வாசனை. நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வேன். பக்கத்துக் கட்டில்காரி மகள் எனக்கும் ஒரு கவளம் கொடுக்க வந்தாள். கூட வந்த அவள் மாமியார், “ரத்த வியாதியாம், தொடாத” என்றாள். காதில் விழுகிற மாதிரிதான் சொன்னாள். எனக்குக் காது நன்றாகக் கேட்கும். தட்டணுவுக்குத்தான் கேட்காது.

வந்தவள் அஞ்சலை ஒருத்திதான். வேலை முடிந்து, கையைக்கூடச் சரியாகக் கழுவாமல், ஷெட்டு டீயை ஒரு பாட்டிலில் ஊற்றி முந்தானையில் சுற்றிக்கொண்டு தினமும் வருவாள். அந்தப் புளிப்பும் கசப்பும் நாக்கில் பட்டால்தான் எனக்கு உயிர் வரும். வயிற்று வலியும் கொஞ்சம் அடங்கும்.

“ஆஸ்பத்திரி டீய வாயில வெக்க முடியுமா? குடி. ஒனக்குத்தான் எல்லாம் போட்டு எட்த்தாந்து கீறேன்.”

பெரிய டாக்டர் கட்டிலைக் கேட்டார். அறுக்க முடியாத கேஸுக்குக் கட்டில் எதற்கு என்றார். டாக்டரம்மா இன்னும் ஒரு வாரம் கேட்டு வாங்கினாள். அதற்குமேல் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வீடு எது என்று நான் யோசித்தேன்.

கடைசியாக டாக்டரம்மாவுக்கு ஒரு யோசனை வந்தது. “உனக்கு உறவே இல்லாத ஒருத்தி வேணும். ஆனா உன் வயசு, உன் வேலை, உன் சாப்பாடு. அவ ரத்தத்தையும் உன் ரத்தத்தையும் பக்கத்துல வெச்சிப் பாக்கணும்.”

அப்படி எனக்குத் தெரிந்தது அஞ்சலைதான். இருவரும் அந்த அறைக்குப் போனோம். அஞ்சலை எலிக்கூண்டைப் பார்த்து, “எங்க வூட்டாண்ட வந்தா பெருச்சாளியே தரேன், இதுங்க இன்னா பால் குட்ச்சி வளந்த மாரி கீது” என்றாள். ரத்தம் கொடுத்தாள். பேனா ஏறியது. சறுக்கியது. படுத்தது.

டாக்டரம்மா பெட்டியைத் தட்டிப் பார்த்தாள். எலி ரத்தத்தை வைத்தாள். ஏறி நின்றது. அஞ்சலையுடையதைத் திரும்ப வைத்தாள். சறுக்கியது. அவள் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

“மூணு பேர். ரெண்டு குடும்பம். அது எப்படி?” என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள்.

அஞ்சலைக்கு அவள் கேட்டது விளங்கவில்லை. நெற்றியைப் பிடித்திருந்தது விளங்கியது. முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு வெள்ளை மாத்திரையை எடுத்து நீட்டினாள்.

“இந்தாம்மா, தலநோவா? இத வாயில போட்டு டீய ஊத்திக்க. கப்புனு நின்னுடும்.”

டாக்டரம்மா மாத்திரையை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். முகர்ந்தாள். நாக்கு நுனியில் வைத்தாள்.

“இது எங்க கிடைச்சுது?”

“ஷெட்டுலதான். டீயோட குடுப்பாங்கோ. ஐஸுல கை நோவுமே, அதுக்கு. காலைல ஒண்ணு, பதினோரு மணிக்கு ஒண்ணு. வேல ஜாஸ்தின்னா இன்னொண்ணு.”

“யாருக்கெல்லாம்?”

“அல்லாருக்கும்தான். இத்தப் போடலன்னா எவ உரிப்பா?”

“ரெஜினாவுக்கு?”

“அவளுக்குத்தான் நானு தெனம் பொடி பண்ணி டீயில கரைச்சி எட்த்தாரேனே. பாவம், வலில கெடக்குறா.”

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினாள். “மருந்து ஒண்ணும் சாப்பிடலன்னு சொன்னியே?”

“நீங்க மருந்துன்னு கேட்டீங்கோ. நான் மருந்து துன்னல. டீ குடிச்சேன்.”

அவள் மாத்திரையை மேஜைமேல் வைத்தாள். பிறகு, “நான் சரியாக் கேக்கல” என்றாள்.

அது ஆஸ்பிரின். அந்த மாத்திரை தட்டணுவுக்குள் போய், கூப்பாட்டுச் சரக்கைச் செய்கிற ஒரு புரதத்தைக் கெடுத்துவிடுகிறது. புரதம் இருக்கும், எண்ணிக்கை குறையாது, வேலை செய்யாது. அதனால்தான் நீல வரிகளில் ஒன்றும் தெரியவில்லை. தட்டணு பத்து நாள்தான் உயிரோடு இருக்கும். மாத்திரை பட்ட தட்டணு சாகிற வரைக்கும் ஊமைதான். புதிது வந்தால்தான் பேசும்.

சரிதானா என்று பார்க்க அஞ்சலையின் மாத்திரையை அரைத்து எலிகளுக்கு ஊட்டினாள். மறுநாள் அவற்றின் ரத்தத்தை வைத்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். கோடு ஏறியது, சறுக்கியது, படுத்தது. என் கோட்டுத் தாளை அதன்மேல் வைத்து வெளிச்சத்தில் பிடித்தாள். ஒன்றின்மேல் ஒன்று பொருந்தியது.

எனக்கு அப்போதுதான் கோபம் வந்தது. வலி தெரிந்தால் கை நிற்கும், கை நின்றால் சரக்கு தேங்கும். அதற்காக ஒரு மாத்திரை. எலிக்காவது ஊட்டினவள் ஏன் ஊட்டுகிறோம் என்று தெரிந்து ஊட்டினாள். எங்களுக்குத் தட்டில் வைத்து நீட்டினவனுக்கு அதுகூடத் தெரியாது. தெரிந்திருந்தாலும் நீட்டியிருப்பான்.

டாக்டரம்மா கட்டிலுக்கு மறுபடி நாள் கேட்டு வாங்கினாள், பத்து நாள் மாத்திரை இல்லாமல் கிடந்தேன். இருபது வருஷ வலி எல்லாம் ஒன்றாக வந்த மாதிரி இருந்தது. விரல் கணு ஒவ்வொன்றும் தனித்தனியாக நொந்தது. என் கை இவ்வளவு கெட்டுப்போயிருக்கிறது என்று எனக்கே தெரியாது. அஞ்சலை முதல் நாள் அழுதாள். “நானே ஒன்னக் கொல்லப் பாத்தேனேடி” என்றாள். “அழுவாத, டீ எட்த்தா” என்றேன். வெறும் டீ கொண்டுவந்தாள். குடித்துவிட்டு, சர்க்கரை ஜாஸ்தி என்றேன். எப்போதும் போடுகிற அளவுதான் என்றாள். டீயின் ருசி என்று நான் இத்தனை வருஷம் நினைத்தது மாத்திரையின் ருசி.

அதற்குப் பிறகு பேனா ஏறியது. மேலே போய் நின்றது. காதில் குத்திய ரத்தமும் தாளில் சில பொட்டு வைத்துவிட்டு நின்றது. நான் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய டாக்டர் அறுத்தார். பிழைத்தேன். அவர் வார்டு நடுவில் நின்று, பரம்பரை வியாதி இல்லை என்று சொல்லவில்லை. டாக்டரம்மாதான் அந்தோணி வீட்டுக்கே போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

அந்தோணி சாத்துக்குடி வாங்கி வந்தான்.

“ஒண்ணும் இல்லியாமே ஒனக்கு. நானு அப்பவே நென்ச்சேன்.”

“இன்னா நென்ச்ச?”

அவன் சாத்துக்குடியை உரித்தான். நான் வாங்கிச் சாப்பிட்டேன். பசித்தது. ஆனால் அவன் வீட்டுக்குப் போகவில்லை. அஞ்சலை குப்பத்தில் ஒரு குடிசை பார்த்துக் கொடுத்தாள். ப்ளோரா கல்யாணத்துக்குப் பத்திரிகை வந்தது. கோயிலில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு இருபக்கமும் இடம் காலியாக இருந்தது. வியாதி இல்லை என்ற சேதி, வியாதி என்ற சேதி மாதிரி வேகமாகப் போகவில்லை.

வேறு வேலை தெரியாது. ஷெட்டுக்கே திரும்பிப் போனேன். மாத்திரை விஷயத்தை எல்லோரிடமும் சொன்னேன். கேட்டுக்கொண்டார்கள். மேஸ்திரியிடமும் சொன்னேன். “வாணாம்னா வுடு. கூடை கொறஞ்சா கூலி கொறையும்” என்றான். என் கூடை குறைந்தது.

பதினோரு மணிக்கு டீ வரும். எல்லோரும் மாத்திரையை வாயில் போட்டு, டீயை ஊற்றி, ஒரே நேரத்தில் தலையை அண்ணாந்து விழுங்குவார்கள். வரிசை முழுக்க அத்தனை தலையும் மேலே போகும். என் தலை மட்டும் கீழே இருக்கும். முன்பு நானும் அண்ணாந்துகொண்டிருந்ததால் இதை நான் பார்த்ததில்லை.

ஒருநாள் அஞ்சலை தலை மேலே போகவில்லை. மாத்திரையை முந்தானையில் முடிந்தாள்.

“ஒனக்காவ இல்லடி. நாளைக்குப் பல்லு புடுங்கணும்” என்றாள்.

“நாளைக்கு ஆவாது. பத்து நாள் கழிச்சிப் போ.”

“பத்து நாளா? அதுக்குள்ள நோவுல செத்துப்பூடுவேன்.”

“செத்தா பரவால்ல. ரத்தம் நிக்கும்.”

திட்டினாள். ஆனால் பத்து நாளும் மாத்திரை போடவில்லை. கன்னத்தில் துணியைக் கட்டிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, கையையும் பல்லையும் என்னையும் மாறி மாறித் திட்டிக்கொண்டு உரித்தாள். அந்தப் பத்து நாளும் டீ நேரத்தில் இரண்டு தலை கீழே இருந்தது. நாங்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டு குடித்தோம்.

பல் பிடுங்கியாயிற்று. ரத்தம் உடனே நின்றதாம். மறுநாள் வீங்கிய கன்னத்தோடு வந்து சந்தோஷமாகச் சொன்னாள். பதினோரு மணிக்கு டீ வந்தது. அவள் என்னைப் பார்க்காமல் மாத்திரையை எடுத்து வாயில் போட்டு அண்ணாந்தாள்.

நான் கூடையைப் பார்த்துக்கொண்டு டீயைக் குடித்தேன். இனிப்பாக இருந்தது.